கோபன்ஹேகன், ஆகஸ்ட் 1952: கார்பன் டை ஆக்சைடு தேங்கிய ஒரு சிறுமி – நிகழ்வு ஆய்வு

நோயாளி 12 வயதுச் சிறுமி. நோய் போலியோ. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. இடது நுரையீரல் காற்றில்லாமல் சுருங்கிக் கிடக்கிறது. காய்ச்சல் 40.2 டிகிரி செல்சியஸ். உடலெல்லாம் வியர்வை, தோலில் நீலம். விழுங்கும் தசைகளும் போய்விட்டதால் தொண்டையில் தேங்கும் எச்சிலும் சளியுமே அவளை மூழ்கடிக்கின்றன. இடம் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் தொற்றுநோய்களுக்கென்று இருந்த பிளெக்டாம் மருத்துவமனை. நாள் 1952 ஆகஸ்ட் 27.

இன்று எந்த ஊர் ஐசியுவிலும் ஒரு வென்டிலேட்டரும், ரத்தத்தில் உள்ள வாயுக்களையும் அமிலத்தன்மையையும் அளக்கும் ஒரு பிளட் கேஸ் கருவியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்றால், அந்த இரண்டையும் முதன்முதலில் ஒரே படுக்கைக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் இந்த ஒரு நோயாளியும் அதைத் தொடர்ந்த சில மாதங்களும்தான். வரலாறு என்பதற்காக மட்டும் இதை எடுத்துக்கொள்ளவில்லை. அன்று அந்த வார்டில் நடந்த தவறான வாசிப்பு இன்றும் நடக்கிறது. கருவிகள் மாறிவிட்டன, ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு மூச்சு சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டும் பழக்கம் மாறவில்லை.

வார்டின் நிலை

அந்த ஆண்டு கோடையில் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. உச்சத்தில் ஒரே நாளில் 50 பேர் வரை புதிதாக வந்து சேர்ந்தார்கள். தலைமை மருத்துவர் ஹென்றி லாசெனிடம் இருந்தது, கழுத்துவரை உடலை உள்ளே வைத்து மூச்சுவிட வைக்கும் ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பைக் கவசம்போல மூடி வெளியிலிருந்து இழுத்து மூச்சுவிட வைக்கும் ஆறு கருவிகளும்தான். முதல் சில வாரங்களில் மூச்சுத் தசையோ தொண்டைத் தசையோ பாதிக்கப்பட்டு இந்தக் கருவிகளில் வைக்கப்பட்டவர்கள் 31 பேர். அவர்களில் 27 பேர் இறந்துவிட்டார்கள்.

கருவிகள் போதாமை ஒரு பக்கம். கருவி கிடைத்தவர்களும் இறந்தார்கள் என்பதுதான் உண்மையான புதிர். வெளியிலிருந்து மார்பை விரிக்கும் கருவி, நோயாளியின் தொண்டை வேலை செய்கிறது என்ற நம்பிக்கையில் இயங்குவது. தொண்டைத் தசை போனவருக்கு மார்பை விரித்தால், காற்றோடு சேர்ந்து தொண்டையில் நிற்கும் எச்சிலும் சளியும் நுரையீரலுக்குள் இழுபடும். அதோடு கவசக் கருவியின் வலிமையும் குறைவு. முற்றிலும் செயலிழந்த மார்புக்கு அது தரும் மூச்சு பாதி மூச்சுதான்.

இறப்பதற்கு முன் அவர்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரியான அறிகுறிகள். கொட்டும் வியர்வை, ஏறும் பிபி, அதிகமாகும் காய்ச்சல், பிறகு மயக்கம். வைரஸ் மூளையைத் தாக்கிவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. போலியோ மூளைத்தண்டைத் தாக்கக்கூடிய நோய்தான். நாளுக்கு நாள் குழந்தைகள் இறக்கும் வார்டில் நின்றுகொண்டு அந்த முடிவுக்கு வராமலிருப்பது எளிதல்ல.

ஆய்வகம் சொன்னது என்ன, புரிந்துகொண்டது என்ன

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடை அவர்கள் அளக்காமல் இல்லை. பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், உள்ள மொத்த கார்பன் டை ஆக்சைடை அளந்தார்கள். அது உயர்ந்திருந்தது. ஆனால் அந்த மொத்தத்தில் மிகப் பெரிய பங்கு பைகார்பனேட் என்ற காரப் பொருள். கரைந்த வாயு சிறு பங்குதான். பைகார்பனேட் கூடினால் ரத்தம் காரமாகிவிட்டது என்று பொருள் என்பதே அன்றைய வாசிப்பு. ஆகவே இது காரணம் புரியாத ஒரு காரத்தன்மை என்று குறித்துக்கொண்டார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இந்த வாசிப்பு எவ்வளவு தூரம் தடம் மாற்றும் என்பது விளங்கும். ஒரு நோயாளியின் மொத்த கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 36 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்ட எண். அந்தச் சிறுமியின் முடிவு அல்ல. கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 45 மி.மீ. பாதரசம் என்றால், பிஹெச் (ரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) ஏறக்குறைய 7.51. அது காரத்தன்மை. அதே 36 மில்லிமோல் இருக்கும்போதே அழுத்தம் 100 என்றால் பிஹெச் ஏறக்குறைய 7.14. அது உயிருக்கு ஆபத்தான அமிலத்தன்மை. ஆய்வகத் தாளில் இருவருக்கும் ஒரே எண்தான். ஒருவருக்கு வாந்தியாலோ சிறுநீர்ப்பெருக்கி மருந்தாலோ அந்த நிலை வந்திருக்கலாம். இன்னொருவர் மூச்சு போதாமல் செத்துக்கொண்டிருக்கிறார். பிஹெச் தெரியாமல் இந்த இருவரையும் பிரித்தறிய வழியே கிடையாது.

லாசெனின் கீழ் பணியாற்றிய மோகென்ஸ் பியோர்னெபோ ஒரு யோசனை சொன்னார். டெட்டனஸ் வந்த பச்சிளங்குழந்தை ஒன்றை, தசை தளர்த்தும் மருந்து கொடுத்துக் கையால் மூச்சூட்டிக் கவனித்த ஒரு மயக்கமருந்து மருத்துவரை அவருக்குத் தெரியும். அவர் பியோர்ன் இப்சென். அமெரிக்காவில் பாஸ்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர். அறுவை அரங்கத்துக்கு வெளியே மயக்கமருந்து மருத்துவரிடம் யோசனை கேட்கும் வழக்கம் அன்று இல்லை. லாசெனுக்கும் தயக்கம் இருந்தது. ஆனாலும் ஆகஸ்ட் 25 அன்று கூட்டம் நடந்தது.

இப்சென் நோயாளிகளின் குறிப்புகளையும் பிரேதப் பரிசோதனைகளையும் பார்த்தார். காற்றே போக முடியாத அளவுக்கு நுரையீரல்கள் கெட்டிருக்கவில்லை. வியர்வை, பிபி ஏற்றம், மயக்கம் என்ற வரிசையைக் கேட்டதும் அவருக்கு அறுவை அரங்கம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு மூச்சு போதாதபோது மயக்கமருந்து மருத்துவர் காண்பது இதையேதான். கார்பன் டை ஆக்சைடு ஏறினால் அட்ரினலின் வகைச் சுரப்புகள் கூடும். வியர்க்கும், பிபி ஏறும். மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும். தலைவலி, குழப்பம், பிறகு மயக்கம் வரும். பைகார்பனேட் உயர்ந்தது, தேங்கிய அமிலத்தை ஈடுகட்ட உடல் செய்யும் முயற்சி. மூளையில் வைரஸைத் தேட வேண்டியதில்லை, மூச்சு போதவில்லை, அவ்வளவுதான் என்றார் அவர்.

ஆகஸ்ட் 27

அந்த 12 வயதுச் சிறுமியைக் காட்டி, இவளிடம் செய்துகாட்டுங்கள் என்றார்கள். பிழைப்பாள் என்று யாரும் எதிர்பார்க்காத நோயாளி.

தோலை மரக்கச்செய்யும் ஊசி மட்டும் போட்டு டிரக்கியாஸ்டமி செய்யப்பட்டது. கழுத்தில் போட்ட துளை வழியாக, பலூன் கட்டிய குழாய் மூச்சுக்குழலுக்குள் சென்றது. அந்த பலூன் இரண்டு வேலைகளைச் செய்தது: அழுத்திய காற்று வெளியே கசியாமல் தடுத்தது, தொண்டையிலிருந்து எச்சில் உள்ளே இறங்குவதையும் தடுத்தது. ஆனால் காற்றை அழுத்திச் செலுத்தியபோது உள்ளே போகவில்லை. மூச்சுக்குழல்கள் இறுகியிருந்தன. சளியை உறிஞ்சி எடுத்தும் பயனில்லை. சிறுமி திணறி எதிர்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த சிலர் நம்பிக்கை இழந்து அறையைவிட்டு வெளியேறினார்கள்.

இப்சென் அப்போது எடுத்த முடிவை, வென்டிலேட்டரோடு போராடும் நோயாளியைப் பார்த்திருக்கும் எவராலும் உணர முடியும். 100 மில்லிகிராம் தயோபென்டால் என்ற மயக்கமருந்தை ஊசியாகப் போட்டார். அவளுக்கு மிச்சமிருந்த கொஞ்ச மூச்சும் நின்றது. உடல் தளர்ந்தது. இனி அவள் உயிர் முழுவதும் அவர் கையிலிருந்த ரப்பர்ப் பையில். பையை அழுத்தினார்; மார்பு உயர்ந்தது. நல்ல மூச்சு போகத் தொடங்கிய சிறிது நேரத்தில் பிபி இறங்கியது, ரத்தம் ஏற்றிச் சரிசெய்தார்கள். நீலம் போனது, தோல் உலர்ந்து வெதுவெதுப்பானது.

இந்த பிபி இறக்கத்தைக் கடந்துபோய்விடக் கூடாது. தேங்கிய கார்பன் டை ஆக்சைடுதான் அதுவரை அட்ரினலின் வகைச் சுரப்புகளைத் தூண்டி பிபியைத் தாங்கிப்பிடித்திருந்தது. அது வெளியேறியதும் தாங்கல் போனது. கூடவே மயக்கமருந்தின் விளைவும், மார்புக்குள் அழுத்தம் கூடியதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்ததும் சேர்ந்துகொண்டன. இன்று நள்ளிரவில் ஒரு சிஓபிடி (மூச்சுக்குழல்கள் குறுகிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) நோயாளிக்கு மூச்சுக்குழலில் குழாய் போட்டவுடன் பிபி சரிவதன் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இந்த மூன்றும்தான். அதற்கு முன்கூட்டியே நீர்மமும் பிபி உயர்த்தும் மருந்தும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு செய்ததுதான் இந்த நிகழ்வை ஒரு வெற்றிக் கதை என்பதிலிருந்து உயர்த்தி ஆதாரமாக்கியது. நன்றாக இருந்த சிறுமியை மறுபடி கவசக் கருவிக்கு மாற்றினார்கள். வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி ஏற்றத்தைக் காட்டியது. வியர்வை திரும்ப வந்தது, பிபி ஏறியது. கையால் அழுத்தும் பைக்கு மாற்றினார்கள், எல்லாம் இறங்கியது. வைரஸ் அதே மூளையில்தான் இருக்கிறது, காய்ச்சலும் அதேதான். மாறியது உள்ளே போய்வரும் காற்றின் அளவு மட்டும். மூளைத் தொற்று என்ற விளக்கம் அன்றோடு நின்றுபோனது. ஆய்வகத் தலைவர் பவுல் அஸ்ட்ருப் ரத்தத்தின் பிஹெச்சை அளந்து பார்த்தார். காரம் என்று நினைத்த ரத்தம் அமிலமாக இருந்தது.

ஏன் ஆக்சிஜன் மட்டும் போதாது

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: உடல் எவ்வளவு உண்டாக்குகிறது, நுரையீரலின் காற்றுப்பைகள் வரை நிமிடத்துக்கு எவ்வளவு காற்று போய்வருகிறது. இரண்டாவதுதான் பெரும்பாலும் கெடுகிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் காற்று, குழாய்களிலேயே நின்று திரும்பிவிடும். 500 மில்லிலிட்டர் வீதம் 12 முறை மூச்சுவிடுபவருக்கு நிமிடத்துக்கு 6 லிட்டர். அதில் காற்றுப்பைகளைத் தொடுவது 4.2 லிட்டர். தசை தளர்ந்து 250 மில்லிலிட்டராகச் சுருங்கி, 24 முறை வேகமாக மூச்சுவிட்டாலும் அதே 6 லிட்டர்தான். ஆனால் காற்றுப்பைகளுக்குப் போவது 2.4 லிட்டர் மட்டுமே. 40 ஆக இருந்த அழுத்தம் 70 ஆகிவிடும். வேகமாக மூச்சுவிடுகிறாரே என்று தூரத்திலிருந்து பார்ப்பவர் ஆறுதலடைவார். காய்ச்சல் வேறு இருந்தால் உற்பத்தியும் கூடும்.

இப்போது ஆக்சிஜனுக்கு வருவோம். கடல்மட்டத்தில் சாதாரணக் காற்றை மூச்சுவிடுபவருக்கு கார்பன் டை ஆக்சைடு 80 ஆக உயர்ந்தால், காற்றுப்பையில் ஆக்சிஜனுக்கு மிஞ்சும் அழுத்தம் 50 அளவுதான். நீலம் பாயும், விரல்நுனியில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அலறும். அதே நோயாளிக்கு மாஸ்க் வழியாக 30 சதவீத ஆக்சிஜன் கொடுத்துவிட்டால் காற்றுப்பையில் ஆக்சிஜன் 110ஐத் தாண்டிவிடும். நுரையீரல் திசு ஓரளவு நன்றாக இருந்தால் விரல்நுனிக் கருவி 96, 97 என்று காட்டும். கார்பன் டை ஆக்சைடு அதே 80. வார்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், நோயாளி மட்டும் மெல்லத் தூங்கத் தொடங்குவார். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் பல்ஸ் ஆக்சிமீட்டர் மூச்சின் போதுமான அளவைக் காட்டும் கருவியே அல்ல. என்னைக் கேட்டால், ஐசியுவில் சேரும் ஒவ்வொரு பயிற்சி மருத்துவருக்கும் முதல் நாளே இந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட வேண்டும்.

கைகளால் மூச்சு

அந்த நாளுக்குப் பிறகு லாசென் முறையை மாற்றினார். மூச்சு போதாத ஒவ்வொருவருக்கும் டிரக்கியாஸ்டமி, ஒரு ரப்பர்ப் பை, அதை அழுத்த ஒரு ஆள். மருத்துவ மாணவர்களும் பல்மருத்துவ மாணவர்களும் முறைவைத்து வந்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 1,500 பேர், 1,65,000 மணி நேரம். ஒரு கட்டத்தில் 70 நோயாளிகள் ஒரே சமயத்தில் மனிதக் கைகளால் மூச்சுவிட்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள், நினைவோடு இருப்பவர்கள். தங்களுக்கு மூச்சூட்டும் மாணவரின் முகத்தைப் பார்த்தபடி, எப்போது அதிகம் வேண்டும் என்று கண்ணசைத்துச் சொன்னார்கள். இறப்பு 87 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 25 சதவீதமாக இறங்கியது.

இப்சென் 1953 இறுதியில் கோபன்ஹேகனின் நகர மருத்துவமனையில் தனியாக ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அஸ்ட்ருப் படுக்கையருகே செய்யத்தக்க பிளட் கேஸ் முறையை உருவாக்கினார். 1956இல் டென்மார்க்கில் ஹென்னிங் ரூபென், ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற இருவர், வாயு சிலிண்டர் இல்லாமலே தானாக விரியும் பையைச் செய்தார்கள். நம் ஊர் அவசர சிகிச்சைப் பிரிவில் ‘ஆம்பு எடு’ என்று குரல்கொடுக்கிறோமே, அந்த ஆம்பு.

சிறுமி பிழைத்தாள். தசைகள் முழுதாக மீளவில்லை. மூச்சுக்குக் கருவியின் துணை தொடர்ந்து தேவைப்பட்டது. 1971 வரை வாழ்ந்தாள்.

இன்றைய படுக்கையில்

போலியோ இப்போது காரணமில்லை. அதே உடலியல் வேறு பெயர்களில் வருகிறது. தமிழ்நாட்டில் அதற்கு மிக நெருங்கிய உதாரணம் கட்டுவிரியன் கடி. இரவில் தூக்கத்தில் கடித்திருக்கும், பல்தடம்கூடத் தெரியாது. விடியலில் இமை இறங்கும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு சுருங்கும். தசை செயலிழந்த பிறகு விஷமுறிவு மருந்து அதை உடனே மீட்டுத்தராது. மூச்சூட்டினால் நாட்கள் கழித்து நோயாளி எழுந்துகொள்வார். இவர்களுக்கு மாஸ்க் போட்டு ஆக்சிஜன் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது, 1952 ஆகஸ்ட் 27க்கு முன்பு பிளெக்டாம் வார்டில் நடந்ததைத் திரும்பச் செய்வது. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது, தலையைத் தூக்க முடிகிறதா, எச்சில் வழிகிறதா என்று மணிக்கொருமுறை பார்ப்பது ஆக்சிமீட்டரைவிட முன்னதாக எச்சரிக்கும். பூச்சிமருந்து குடித்தவர்கள் ஓரிரு நாளில் தேறிவிட்டார்கள் என்று நினைக்கும்போது கழுத்துத் தசை தளர்வதும் இதே எச்சரிக்கைதான். எச்சில் விழுங்க முடியாதவருக்கு மாஸ்க் வழி வென்டிலேட்டர் பொருந்தாது, குழாய்தான் வேண்டும்.

சிஓபிடியில் கதை வேறு. அங்கே மாஸ்க் வழி வென்டிலேட்டர் உயிர்காக்கும் சிகிச்சை. 1995இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் அது குழாய் போடும் தேவையை 74 சதவீதத்திலிருந்து 26 ஆகவும், மருத்துவமனை இறப்பை 29 சதவீதத்திலிருந்து 9 ஆகவும் குறைத்தது. பிஹெச் 7.35க்குக் கீழே, கார்பன் டை ஆக்சைடு 45க்கு மேலே என்றால் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் பிளட் கேஸ் மறுபடி பார்க்க வேண்டும். முன்னேற்றமில்லாத மாஸ்க்கை நம்பி இரவைக் கடத்துவது ஆபத்து.

இவர்களுக்கு ஆக்சிஜனும் அளந்து கொடுக்க வேண்டிய மருந்து. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், சிஓபிடி உறுதிசெய்யப்பட்டவர்களில் தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களின் இறப்பு 9 சதவீதம். ஆக்சிமீட்டர் எண் 88 முதல் 92 வரை மட்டும் என்று இலக்கு வைத்துக் கொடுக்கப்பட்டவர்களில் 2 சதவீதம். காரணம், மூச்சுத் தூண்டுதல் குறைவது மட்டுமல்ல. கெட்டுப்போன நுரையீரல் பகுதிகளைத் தவிர்த்துக்கொண்டிருந்த ரத்தம், ஆக்சிஜன் கூடியதும் அங்கேயே திரும்பிப் பாய்கிறது. ஹீமோகுளோபினும் தன்னிடமுள்ள கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. அதற்காக, நீலம் பாய்ந்து வருபவருக்கு ஆக்சிஜனை மறுத்துவிடக் கூடாது. ஆக்சிஜன் குறைவு நிமிடங்களில் கொல்லும்.

உயர்ந்த கார்பன் டை ஆக்சைடு எப்போதுமே எதிரியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஏஆர்டிஎஸ் (நுரையீரல் முழுதும் அழற்சியால் திடீரெனக் கெட்டுப்போகும் நிலை) நோயாளிகளிடம் 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என்ற பெரிய மூச்சு கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லிலிட்டர் கொடுத்தவர்களில் 31 சதவீதம். சிறிய மூச்சில் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நுரையீரலைக் கிழிக்காமல் காப்பதற்காகத் தெரிந்தே, பிஹெச்சைக் கண்காணித்துக்கொண்டு ஏற்கும் ஏற்றம் அது. தலைக்குள் அழுத்தம் கூடியிருப்பவரிடம் இதைச் செய்ய முடியாது.

நீண்ட நாள் தேக்கத்துக்குப் பழகிப்போன நோயாளியை வென்டிலேட்டரில் வைத்து ஒரே மணி நேரத்தில் 40க்குக் கொண்டுவருவதும் தவறு. சிறுநீரகம் வாரக்கணக்கில் சேர்த்துவைத்த பைகார்பனேட் அப்படியே நிற்க, ரத்தம் திடீரெனக் காரமாகும். வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். பிஹெச்சை இலக்காக வைக்க வேண்டும். அவருடைய பழைய பைகார்பனேட் எண் பழைய டிஸ்சார்ஜ் தாள்களில் பெரும்பாலும் கிடைக்கும். அது 32, 34 என்றிருந்தால் அவருடைய இயல்பான கார்பன் டை ஆக்சைடே 60க்கு அருகில் இருக்கக்கூடும்.

அவர் வீடு திரும்பும் நாளிலும் வேலை முடிவதில்லை. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், தீவிரம் தணிந்து 2 முதல் 4 வாரங்கள் கழித்தும் கார்பன் டை ஆக்சைடு 53க்கு மேல் நின்றவர்களுக்கு, ஆக்சிஜனோடு இரவுநேர மாஸ்க் வென்டிலேட்டரையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். ஓராண்டுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்வது அல்லது இறப்பது 80.4 சதவீதத்திலிருந்து 63.4 ஆகக் குறைந்தது. ஆகவே டிஸ்சார்ஜ் தாளில் இன்ஹேலர் பெயர்களோடு, மறுபடி பிளட் கேஸ் எடுக்க வர வேண்டிய தேதியையும் எழுதித்தர வேண்டும்.